தொண்டும் வெட்டி வேலையும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த மேடையில் நாம் வழக்கமாகப் பேசுகிற விஷயங்கள் உங்களுக்குத் தெரியும். கூலி, ரேஷன் கார்டு, குடிசை இடிப்பு, மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளிகள், குடிதண்ணீர் என்று பேசுவோம். இன்று பேச வந்திருப்பது நம் வீடுகளுக்குள் புதிதாக வந்திருக்கும் ஒரு கேள்வியைப் பற்றி. அந்தக் கேள்வி நம் வீட்டுக்குள் வந்ததே ஒரு வகையில் நமக்குப் பெருமைதான். திருநெல்வேலியிலிருந்தும் வடாற்காட்டிலிருந்தும் பம்பாய்க்கு வந்து, தோல் பட்டறையில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள், விடியற்காலையில் இட்லிப் பாத்திரத்தைத் தலையில் தூக்கியவர்களின் பிள்ளைகள், இன்று பட்டம் படித்து முடிக்கிறார்கள். சமூகப் பணிப் படிப்பும் பொருளாதாரமும் சட்டமும் படிக்கிறார்கள். படித்து முடித்ததும் தொண்டு நிறுவனங்களில் வேலைக்குப் போகலாம் என்று நினைக்கிறார்கள்.

அங்கே போனால் என்ன சொல்கிறார்கள்? "ஆறு மாதம் இன்டர்ன்ஷிப் செய்யுங்கள். சம்பளம் கிடையாது. அனுபவம் கிடைக்கும், சான்றிதழ் கிடைக்கும், பிறகு பார்க்கலாம்" என்கிறார்கள்.

அன்று இரவு வீட்டில் சண்டை வருகிறது. "வேலை செய்தால் கூலி. கூலி இல்லையென்றால் அது என்ன வேலை?" என்று அப்பா கேட்கிறார். "இதைச் செய்யாவிட்டால் அந்தத் துறைக்குள் காலே வைக்க முடியாது அப்பா" என்று மகள் சொல்கிறாள். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். அதனால்தான் இதை வீட்டுச் சண்டையாக விட்டுவிடாமல் சங்கத்தில் வைத்துப் பேச வேண்டியிருக்கிறது.

தோழர்களே, இந்த விஷயத்தில் மூன்று பொருள்கள் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன. ஒன்று படிப்பு, இன்னொன்று தொண்டு, மூன்றாவது வேலை. இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் படிப்பை எடுத்துக்கொள்வோம். 1936-இல் இதே பம்பாயில் நாக்பாடாவில் சமூகப் பணிக்கென்று ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. அதுதான் பின்னாளில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் ஆனது. சமூகப் பணிப் படிப்பில் களப்பணி என்பது பாடத்தின் ஒரு பகுதி. வாரத்தில் சில நாட்கள் ஒரு பகுதிக்கோ நிறுவனத்துக்கோ மாணவர் போகிறார். அங்கே ஒருவர் வழிகாட்டுகிறார். கல்லூரியில் ஓர் ஆசிரியர் அவருடைய குறிப்பேட்டைப் படித்துத் திருத்துகிறார், மதிப்பெண் போடுகிறார். 2020-ஆம் ஆண்டின் புதிய கல்விக் கொள்கைக்குப் பிறகு மற்றப் பட்டப் படிப்புகளிலும் இத்தகைய பயிற்சியைச் சேர்த்து வருகிறார்கள். இதற்குச் சம்பளம் கேட்பது பொதுவாக முறையாகாது. கற்றுக்கொள்பவர் நம் பிள்ளை, கற்றுக்கொடுப்பதில் நேரத்தைச் செலவிடுபவர் அவர்கள். ஆனாலும் அங்கே போய் வரும் ரயில் செலவு யாருடையது என்று கேட்கலாம். கேட்கவும் வேண்டும்.

இரண்டாவது தொண்டு. தொண்டு என்றால் என்னவென்று நமக்கு வெளியார் யாரும் வந்து சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நம் தெருக்களில் இரவுப் பாடசாலை நடத்தியவர்கள் காசு வாங்கவில்லை. ஊரிலிருந்து தனியாக வந்து இங்கே இறந்துபோனவனின் உடலைச் சொந்த ஊருக்கு அனுப்பி வைத்தவர்கள் காசு வாங்கவில்லை. மழை வெள்ளத்தில் அரிசி பங்கிட்டவர்களும் வாங்கவில்லை. அங்கே ஒரு நியாயம் இருந்தது. தலைவரும் வாங்கவில்லை, தொண்டனும் வாங்கவில்லை. பகலில் எல்லாரும் தத்தம் பிழைப்பைப் பார்த்துவிட்டு மிஞ்சிய நேரத்தைக் கொடுத்தார்கள். அதனால்தான் தொண்டன் என்ற சொல் நமக்கு மரியாதையான சொல்லாக இருக்கிறது.

மூன்றாவது வேலை. காலை பத்து மணிக்கு வர வேண்டும், மாலை ஆறு மணிக்குத்தான் போக வேண்டும், விடுமுறை என்றால் கேட்டுப் போக வேண்டும், இன்ன தேதிக்குள் அறிக்கையை முடித்துக் கொடுக்க வேண்டும், நன்கொடை கொடுத்தவருக்கு அது போக வேண்டும் என்றால், அது வேலை. அந்த அலுவலகத்தில் இயக்குநருக்குச் சம்பளம் உண்டு, கணக்கருக்குச் சம்பளம் உண்டு, காரோட்டிக்கும் உண்டு. கட்டடத்துக்கு வாடகையும் போகிறது. எல்லாருக்கும் காசு இருக்கிற இடத்தில் கடைசியாக வந்த இளைஞருக்கு மட்டும் "இது தொண்டு" என்று சொன்னால், அந்தத் தொண்டை அவர் ஒருவர்தான் செய்கிறார். மற்றவர்கள் வேலை பார்க்கிறார்கள்.

இந்த வேறுபாடு நாம் கற்பனை செய்ததல்ல. 1978-இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. முக்கியத் தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யர். தர்ம நிறுவனமாக இருந்தாலும், கூலிக்கு ஆள் வைத்து முறையாக நடத்தப்பட்டால் அதுவும் தொழிற்தகராறு சட்டத்துக்குள் வரும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. பெரும்பாலும் ஊதியம் வாங்காத தொண்டர்களாலேயே நடத்தப்படும் சிறிய அமைப்புகளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. தர்மம் செய்பவர் முதலாளி, அங்கே உழைப்பவன் கூலிக்குத்தான் உழைக்கிறான் என்பதே அதன் சாரம்.

ஆனால் காலம் மாறியிருக்கிறது, தோழர்களே. 2020-இல் நிறைவேறிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, முழுமையாகவோ பெரும்பகுதியோ தர்ம, சமூக சேவைகளில் ஈடுபட்ட அமைப்புகள் நடத்தும் நிறுவனங்களை 'தொழில்' என்ற வரையறைக்கு வெளியே வைத்துவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறைக்கு வந்துவிட்டது. அதாவது, தொண்டு நிறுவனத்தில் வேலை செய்பவருக்கு இருந்த ஒரு கதவு ஒடுங்கியிருக்கிறது. உள்ளே போகும் நம் பிள்ளைகள் முன்பைவிடக் கவனமாகப் போக வேண்டும்.

சரி, சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். தொழில் பழகுநர் சட்டம் 1961-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. அந்தச் சட்டப்படி ஒருவரைப் பழகுநராகச் சேர்த்தால் உதவித்தொகை கொடுத்தே ஆக வேண்டும். 2019-இல் திருத்திய விதிகள், படிப்புக்கு ஏற்றபடி மாதம் ரூ. 5,000 முதல் ரூ. 9,000 வரை அதன் குறைந்த அளவை நிர்ணயித்தன. பட்டதாரிக்கு ரூ. 9,000. பட்டறையில் ரிப்பேர் பழகும் பையனுக்குச் சட்டம் இதைக் கொடுக்கிறது. 'பழகுநர்' என்ற பெயரைத் தவிர்த்து 'இன்டர்ன்' என்று பெயர் வைத்துவிட்டால் போதும், இந்தத் தொல்லை இல்லை என்று பலர் கண்டுகொண்டிருக்கிறார்கள்.

நம் அரசியல் சட்டத்தின் 23-ஆவது பிரிவு 'பேகார்' என்னும் வெட்டி வேலையையும் கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. 1982-இல் டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டடங்கள் எழுந்தபோது, வெளி மாநிலங்களிலிருந்து ஜமாதார்கள் மூலம் கொண்டுவரப்பட்ட தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலிகூட முழுதாகக் கிடைக்கவில்லை. நம்மைப் போல் பிழைக்க வந்தவர்கள் அவர்கள். அந்த வழக்கில் நீதியரசர் பகவதி, குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவன் வேலை செய்கிறான் என்றால், பசியும் வறுமையும் அவனைக் கட்டாயப்படுத்துகின்றன, அதுவும் கட்டாய உழைப்பே என்று தீர்ப்பளித்தார்.

அடுத்த ஆண்டு, 1983-இல், இன்னொரு தீர்ப்பு வந்தது. அது நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. ராஜஸ்தானில் பஞ்ச நிவாரணம் என்ற பெயரில் சாலை போட்ட பெண்களுக்குக் குறைந்த கூலி கொடுத்தார்கள். "இது வேலை அல்ல, நிவாரணம். பட்டினி கிடக்காமல் நாங்கள் செய்கிற உதவி" என்று அரசு வாதிட்டது. உதவி என்று பெயர் வைத்தாலும் வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி கொடுத்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கைப் போட்டவர் யார் தெரியுமா? திலோனியா என்ற ஊரில் தொண்டு நிறுவனம் நடத்திய சஞ்சித் ராய். தொண்டு நிறுவனக்காரர் ஒருவரே நீதிமன்றத்துக்குப் போய், உதவி என்ற பெயரில் கூலியைக் குறைக்காதே என்று வாதாடி வென்றிருக்கிறார். இன்று அதே துறையில் இருப்பவர்களுக்கு நாம் ஞாபகப்படுத்த வேண்டிய வரலாறு அது.

இந்தத் தீர்ப்புகள் இன்டர்ன்ஷிப்பைப் பற்றி நேரடியாகப் பேசவில்லை. இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு நாளைக்கே வழக்குப் போட்டு ஜெயித்துவிடலாம் என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் நியாயம் எந்தப் பக்கம் என்பதற்கு இவை சாட்சி. நியாயத்தின் போக்கும் அந்தப் பக்கமே இருக்கிறது. 2024 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம், இளம் வழக்கறிஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் ரூ. 20,000, மற்ற மாவட்டங்களில் ரூ. 15,000 குறைந்தபட்ச உதவித்தொகை தர வேண்டும் என்றது. அதே ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தில் மாதம் ரூ. 5,000 என்று வைத்தார்கள். அந்தத் தொகை ஒரு குடும்பத்துக்குப் போதாது. ஆனாலும் பயிற்சிக்கு வருகிறவனுக்கும் வயிறு உண்டு என்பதை அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் 2020 முதல் தன் இன்டர்ன்களுக்கு உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியது.

தொண்டு நிறுவனங்களின் பக்கத்தையும் கேட்போம். ஒருதலைப்பட்சமாகப் பேசுவது நமக்கு அழகல்ல. "நன்கொடை தருபவர்கள் திட்டத்துக்குத் தருகிறார்கள், சம்பளத்துக்குத் தருவதில்லை" என்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை 2020-இல் திருத்தியபோது, நிர்வாகச் செலவு வரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைத்துவிட்டார்கள். பல நிறுவனங்கள் அதனால் திணறின. ஆனால் அதே சட்டத்தின் விதிகளில், மருத்துவமனையில் டாக்டர் சம்பளம், பள்ளியில் ஆசிரியர் சம்பளம் போல நிறுவனத்தின் நோக்கத்தை நேரடியாக நிறைவேற்றும் செலவு, நிர்வாகச் செலவில் சேராது என்றும் இருக்கிறது. தெருவில் இறங்கி வேலை செய்கிற பிள்ளைக்குக் கொடுப்பதைத் திட்டச் செலவாகக் காட்ட முடியுமா என்று அவர்களிடமே கேட்கலாம். முடியாது என்று சொல்பவர் காரணம் சொல்லட்டும்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். தாய்மார்களே, இது உங்களுக்கு நன்றாகத் தெரிந்த கணக்கு. ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் ஒரு நாளைக்கு 100 ரூபாய் என்று வையுங்கள். மாதம் 25 நாள் என்றால் ரூ. 2,500. ஆறு மாதத்துக்கு ரூ. 15,000. அந்தப் பெண் மாலையில் டியூஷன் எடுத்து மாதம் ரூ. 5,000 சம்பாதித்துக்கொண்டிருந்தாள், நேரமில்லாமல் அதை விட்டாள் என்றால் ஆறு மாதத்துக்கு ரூ. 30,000. ஆக ரூ. 45,000. இது நம் பிள்ளை வாங்காத சம்பளத்தின் கணக்குக்கூட அல்ல. நம் வீட்டிலிருந்து அந்த நிறுவனத்துக்குப் போகிற நன்கொடை. வட்டிக்கு வாங்கிக் கொடுத்தால் அதற்குமேல் வட்டி. வீட்டு வேலை பார்க்கும் ஒரு தாய், ஏழைகளுக்கு உதவுகிற நிறுவனத்துக்கு ரூ. 45,000 நன்கொடை கொடுத்திருக்கிறாள். ஆண்டறிக்கையில் அவள் பெயர் இருக்காது.

இதில் இன்னொரு அநியாயமும் இருக்கிறது. ஆறு மாதம் சம்பளமில்லாமல் இருக்க யாரால் முடியும்? பின்னால் சொத்து இருப்பவர் வீட்டுப் பிள்ளையால் முடியும். அந்தப் பிள்ளை அந்த ஆறு மாதத்தைச் செய்துவிட்டு, அனுபவம் உள்ளவராக வேலையில் சேர்ந்துவிடும். நம் பிள்ளை வெளியே நிற்கும். பிறகு குடிசைப் பகுதியைப் பற்றிய அறிக்கையைக் குடிசையில் ஒரு நாளும் தூங்காதவர் எழுதுவார். நம் பிள்ளை தமிழும் மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் பேசும், எந்தச் சந்துக்குள் எந்த வீடு என்று தெரியும். ஆனாலும் மொழிபெயர்க்கக் கூப்பிடுவார்கள், முடிவெடுக்கக் கூப்பிட மாட்டார்கள். நம்மைப் பற்றி நாமே பேசும் இடத்துக்கு வர வேண்டும் என்றால் இந்த வாசலில் நாம் தடுக்கி விழக்கூடாது. எனவே, "அந்தப் பக்கமே போகாதே" என்று பிள்ளைகளைத் தடுத்து நிறுத்துவதும் நமக்கு வழியாகாது.

அப்படியானால் எப்படி முடிவெடுப்பது? நம் கருத்தைச் சொல்கிறோம்.

எதை ஏற்றுக்கொள்ளலாம்? கல்லூரிப் பாடத்தில் சேர்ந்த களப்பணி என்றால் போகட்டும். படிப்புக்கு வெளியே என்றால், நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் முடிவதாகவோ, வாரத்தில் இரண்டு நாள் மட்டுமோ இருந்தால், டியூஷனோ வேறு பிழைப்போ கெடாமல் இருந்தால், போக்குவரத்தும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு என்றால், யோசிக்கலாம். யார் கற்றுக்கொடுப்பார், என்ன கற்றுக்கொடுப்பார் என்று சொல்ல அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எதை மறுக்க வேண்டும்? மூன்று மாதத்துக்கு மேல் முழு நேரம், சம்பளம் எதுவும் இல்லை என்றால் மறுத்துவிட வேண்டும். முன்பு சம்பளத்துக்கு ஒருவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உங்களை உட்கார வைத்தால் மறுக்க வேண்டும். அது இன்னொரு தொழிலாளியின் வயிற்றில் அடிப்பது. "முடிந்ததும் வேலை நிச்சயம்" என்று வாயால் மட்டும் சொல்கிறவரை நம்பக் கூடாது. சேருவதற்கோ சான்றிதழுக்கோ பணம் கேட்டால் அந்த இடத்திலேயே திரும்பிவிட வேண்டும். இன்னொன்று இப்போது கல்லூரி மாணவர்களிடையே பரவியிருக்கிறது. இன்டர்ன்ஷிப் என்று சேர்த்துக்கொண்டு, "உன் உறவினர், நண்பர்களிடம் இத்தனை ரூபாய் நன்கொடை திரட்டு, திரட்டினால் சான்றிதழ்" என்கிறார்கள். அதில் கற்றுக்கொள்வதற்கு ஒன்றும் இல்லை. நம் சொந்தக்காரர்களின் சட்டைப் பைக்கு நம் பிள்ளையை வழிகாட்டியாக வைக்கிறார்கள், அவ்வளவுதான்.

சேருவதற்கு முன் ஒரு கடிதம் கேளுங்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், என்ன வேலை, யாருக்குக் கீழே, செலவுக்கு எவ்வளவு, முடிவில் என்ன சான்றிதழ் என்று அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கக் கடிதம் எழுதித் தர நேரமில்லாத நிறுவனத்துக்கு உங்களுக்குக் கற்றுக்கொடுக்கவும் நேரம் இருக்காது. அந்த நிறுவனம் டிரஸ்டா, சொசைட்டியா, கம்பெனிச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் பதிவான கம்பெனியா என்று கேளுங்கள். ஆண்டறிக்கையை வாங்கிப் பாருங்கள். இங்கே பதிவான பொது டிரஸ்டுகள் சாரிட்டி கமிஷனருக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அந்த அலுவலகம் வொர்லியில் இருக்கிறது. அங்கே ஏற்கெனவே இருந்து வந்த பிள்ளைகள் இரண்டு பேரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். ஆண்டறிக்கை சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

பெண் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய அம்மாக்களுக்கும் தனியாக ஒன்று. வேலையிடத்தில் பாலியல் தொந்தரவைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், சம்பளம் வாங்குபவருக்கு மட்டுமானதல்ல. சம்பளம் இல்லாதவர், தானாக வந்து சேவை செய்பவர், பயிற்சிக்கு வந்தவர் எல்லாரையும் அது காக்கிறது. பத்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் புகார் விசாரிக்க உள்குழு இருந்தே ஆக வேண்டும். தொண்டு நிறுவனமும் அதற்கு உட்பட்டதுதான். "நீ வெறும் இன்டர்ன்தானே" என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது. உள்குழுவில் யார் யார் என்று முதல் நாளே கேட்டு வையுங்கள்.

கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ, இடம் போய்விடுமோ என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். பயம் நியாயமானதுதான். தனியாகக் கேட்பவனின் குரல் சிறியது. அதனால்தான் சங்கம் இருக்கிறது. நம் சங்கம் செய்யக்கூடியதாக மூன்று யோசனைகளை இந்தக் கூட்டத்தின் முன் வைக்கிறோம்.

ஒன்று, இந்த நகரத்தில் நம் பிள்ளைகள் பயிற்சிக்குப் போய் வந்த நிறுவனங்களின் நிபந்தனைகளை ஒரு நோட்டில் எழுதி வைப்போம். எங்கே செலவுக்குக் கொடுத்தார்கள், எங்கே கற்றுக்கொடுத்தார்கள், எங்கே கோப்புகளை மட்டும் அடுக்க வைத்தார்கள் என்று அடுத்த ஆண்டு பிள்ளை தெரிந்துகொள்ளட்டும்.

இரண்டு, படிப்போடு சேர்ந்த களப்பணிக்குப் போகும் பிள்ளைகளின் ரயில் செலவுக்குச் சங்கம் ஒரு சிறு நிதி திரட்டலாம். மாதம் வீட்டுக்குப் பத்து ரூபாய் போட்டாலும் சில பிள்ளைகளுக்கு அது ஆகும்.

மூன்று, நம் தெருக்களுக்குள் வந்து வேலை செய்ய விரும்பும் நிறுவனங்களிடம் சங்கமே பேசட்டும். "கணக்கெடுப்புக்கும் மொழிபெயர்ப்புக்கும் எங்கள் பிள்ளைகள் வேண்டுமா? நல்லது. அவர்களுக்குக் கூலி என்ன?" என்று கேட்போம். நம் ஒத்துழைப்பு இல்லாமல் இந்தச் சந்துகளுக்குள் எந்தக் கணக்கெடுப்பும் முழுமையாக நடக்காது. அந்தப் பலம் நமக்கு இருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்காகப் பயன்படுத்துவோம். இதே நியாயம் நமக்கும் பொருந்தும். சங்கத்தின் கணினி வேலையை ஒரு பிள்ளையிடம் நாள் முழுக்க வாங்கினால், அதற்குரிய காசைச் சங்கமும் கொடுக்க வேண்டும்.

தோழர்களே, இந்த மண்ணில் இந்தப் போராட்டத்துக்கு ஒரு மரபு உண்டு. 1928-இல் பம்பாய் சட்ட சபையில் டாக்டர் அம்பேத்கர் ஒரு மசோதா கொண்டுவந்தார். வதன் என்ற பெயரில் கொஞ்சம் நிலத்தைக் கொடுத்துவிட்டு, மகார் மக்களை இரவும் பகலும் அரசாங்க ஊழியத்துக்கு இழுத்தடித்த முறையை எதிர்த்த மசோதா அது. வேலை வாங்குகிறாய் என்றால் முறையான கூலி கொடு என்பதுதான் அதன் அடிப்படை. நம் ஊர்களிலும் அப்படிப்பட்ட ஊழியத்திலிருந்து தப்பித்துத்தான் நம்மில் பலருடைய தாத்தாக்கள் ரயிலேறி இங்கே வந்தார்கள். வெட்டி வேலையை விட்டு வந்தவர்களின் பேத்தி, பட்டம் வாங்கிய கையோடு அழகான ஆங்கிலப் பெயருள்ள இன்னொரு வெட்டி வேலைக்குப் போக வேண்டாம்.

தம்பி தங்கைகளே, தொண்டு செய்யுங்கள். தாராளமாகச் செய்யுங்கள். எல்லாரும் சமமாகக் கொடுக்கிற இடத்தில் நீங்களும் கொடுங்கள். கற்றுக்கொள்ளுங்கள், கற்றுக்கொடுக்கிறவரிடம் பணிவாக இருங்கள். வேலை என்றால் மட்டும், கூலி எவ்வளவு என்று நிமிர்ந்து நின்று கேளுங்கள். அப்படிக் கேட்பது பேராசையும் அல்ல, மரியாதைக்குறைவும் அல்ல. உங்கள் அப்பாவும் அம்மாவும் இந்த நகரத்தில் முதல் நாள் கேட்ட கேள்வியே அதுதான்.

இந்த மூன்று யோசனைகள் மீதும் இனி உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். குறிப்பாகத் தாய்மார்கள் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அமர்கிறோம்.